ராஜா காலத்துக் காப்பு

கோட்டை மேட்டில் கிடைத்த ராஜா காலத்துத் தங்கக் காப்பை, ஆண் எலி ஒட்டியாணம் போல இடுப்பில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அதனால் வளைக்குள் நுழைய முடியவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வெளியே வந்தாக வேண்டும்.

“கழட்டி வச்சுட்டு உள்ள வாங்களேன்!” என்று கத்திக் கத்திப் பெண் எலிக்குத் தொண்டை கட்டிப்போனது.

“கழட்டினா எவன் என்னை மதிப்பான்? நீ வாசலைப் பெருசாக்கு.”

“எல்லாம் என் தலையெழுத்து!” என்று புலம்பிக்கொண்டே பெண் எலி நகம் தேயத் தோண்டியது. காப்பைப் பார்க்க வந்த எலிகள் வாயைப் பிளந்ததோடு சரி.

சாயங்காலம், காப்பு எங்கும் இடிக்காமல் ஆண் எலி கம்பீரமாக உள்ளே வந்தது. “பாத்தியா, வாசல் எவ்வளவு தாராளமா இருக்கு!”

“ஆமாம், தாராளமாத்தான் இருக்கு,” என்றது, அதன் பின்னாலேயே தலையை நுழைத்த பூனை.