ஆணியில் மாட்டிய கத்தரி

பனியன் கம்பெனிக்கு வந்த புது தையல் மெஷின், பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். ஆனாலும் சாயங்காலம் இரண்டும் தைத்திருந்தது ஒரே அளவுதான். "இதைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார் சூப்பர்வைசர்.

"அண்ணா, நான் வேகமாத்தானே ஓடுனேன்?" என்று பழைய மெஷினிடம் கலங்கியது புது மெஷின்.

"ஓடுனே தம்பி. ஆனா நூல் வெட்ட, உன்னை ஓட்டுற பொண்ணு பூங்கொடி ஒவ்வொரு தடவையும் பனியனைத் தூக்கிக்கிட்டு, சுவத்து ஆணியில மாட்டுன கத்தரிக்கு நடக்குது. என் காலைப் பாரு."

பழைய மெஷினின் காலில் நீளமான வேஸ்ட் துணியில் ஒரு கத்தரி கட்டித் தொங்கியது.

மறுநாள் புது மெஷின் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பனியனோடு நகர முடியாத பூங்கொடி, பக்கத்தில் பழைய மெஷினின் கத்தரியை எட்டி எடுத்தாள். மத்தியானமே தன் மெஷினின் காலிலும் ஒரு கத்தரியைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் புது மெஷின் தைத்த பனியன் குவியலைப் பார்த்த சூப்பர்வைசர், திருப்பி அனுப்பும் பேச்சையே எடுக்கவில்லை.

"இப்ப உன் வேகம் எப்படி?" என்றது பழையது.

"அதை விடுங்கண்ணா. கத்தரி கைக்கு இன்னும் கிட்ட வர, கட்டுன இந்தத் துணியை ஒரு சாண் குறைக்கணும்."