கீழ்வீட்டுச் செடி

மேல்வீட்டுக்காரர் புதிதாக வைத்த மீன்தொட்டி கீழ்வீட்டுக்காரரின் ஹாலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் தொட்டி ஒழுகல. உங்க சீலிங்தான் ஓட்டை!" என்று மேல்வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தினார்.

கீழ்வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய சொந்தத் தொட்டியை நத்தைகள் என்றோ நாசமாக்கியிருந்தன. அதிலிருந்து, நத்தை முட்டை அப்பிய செடிகளாகப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு மாடியேறினார்.

"சண்டை எதுக்கு? இந்தாங்க, நட்டு வைங்க. தொட்டி அமோகமா இருக்கும்."

மறுமாதம் மேல்வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"தெய்வம் சார் நீங்க! நான் வாங்குன மீனுங்க நத்தையத் தவிர எதையும் தின்னாதாம். கடைக்காரன் சொல்லாம தலையில கட்டிட்டான். இப்ப உங்க புண்ணியத்துல கொழுத்து, குஞ்சே பொரிச்சாச்சு!"

கீழ்வீட்டுக்காரர் ஹாலில் சொட்டுக்கு வைத்திருந்த வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான், இன்னும் பெரிய தொட்டியா ஒண்ணு வாங்கிட்டேன். உங்க கட்டிலுக்கு நேர் மேலதான் வெச்சிருக்கேன்."