முன்கூடத்தில் இடமில்லை

"அப்பாவை முன்கூடத்துலதான் படுக்க வைக்கணும். கூடத்தைக் காலி பண்ணிக் கொடு, அண்ணே."

எதை மட்டும் அண்ணனிடம் கேட்கவே கூடாது என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரோ, அதைத்தான் சந்தாலா வாசற்படி ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டாள்.

பூன்தவி பதறிப்போய்க் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, அங்கே யாருக்கும் லாவோ மொழி தெரியாது. வெள்ளைக்காரர்கள் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்து, வாழையிலைக் கூம்பைச் சுற்றி மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அலைந்து திரியும் உயிரை உடம்புக்குள் திரும்ப அழைத்துக் கையில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு. ஒரு காலத்தில் பிள்ளை பிறந்தால் கட்டினார்கள், கல்யாணமென்றால் கட்டினார்கள். இப்போது இந்த வீட்டில் அறை எடுத்தால் போதும், காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

"மெதுவாப் பேசு!" அவளைப் படியோரம் இழுத்துப் போனான். "எப்போ?"

"காலையில டாக்டர் கையை விரிச்சிட்டார். வீட்டுக்குக் கொண்டு போயிடுங்கன்னுட்டார்."

பூன்தவி கண்ணை மூடித் திறந்தான். துக்கம் அவ்வளவுதான். திறந்த கண் நேராக மாடி அறைகளுக்குப் போனது.

"இங்கே எப்படி முடியும்? சாவு வீடுன்னா ராத்திரி ராத்திரியா ஊரே வந்து உட்கார்ந்து சீட்டாடும், சாராயம் குடிக்கும். மேலே ஒரு அறை காலியில்லை. புத்தாண்டு நேரம் வேற."

"ஆடட்டுமே. 'உண்மையான லாவோ குடும்பத்தோடு வாழுங்கள்'னு வாசல்ல நீதானே எழுதி வச்சிருக்கே? உண்மையான குடும்பத்துல சாவும் உண்டுன்னு தெரிஞ்சுக்கட்டும்."

"நாலு எழுத்து படிச்சதும் நாக்கு எவ்வளவு நீளுது பாரு! நம்ம வம்சத்துல யாரும் படிக்காததை நீ படிச்சுக் கிழிச்சிட்டே, பட்டதாரியம்மா."

"படிக்க வச்சவர் அப்பா. அவர் பிறந்ததே இந்தக் கூடத்துலதான். இருமல் சத்தம் விருந்தாளிங்களுக்கு ஆகலைன்னு அவரை ஆத்துக்கு அக்கரையில என் வீட்டுக்குத் தள்ளிவிட்ட புண்ணியவான் நீ."

கூடத்துச் சுவரில் அப்பா பட்டு மேல்துண்டும் சிரிப்புமாகப் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். இருமல் இல்லாத அப்பா. அவரை வைத்துக்கொள்வதில் அண்ணனுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேமராவோடு எட்டிப் பார்த்தாள். "உங்க தங்கச்சியா? ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க?"

"பெத்தவங்களை எப்படி மதிக்கணும்னு பேசிட்டிருக்கோம். எங்க வழக்கம் அது," என்றான் பூன்தவி பல்லெல்லாம் தெரிய.

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து உருகினாள். உருகிய கையோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பூன்தவி குரலைக் குழைத்தான். "விகாரையில வச்சிடலாம். பிக்குங்க, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. உனக்கு ஒரு கஷ்டமும் வராது."

"'வீடு, வீடு'ன்னுதான் சொல்லிட்டிருந்தார்."

அவன் முகம் சட்டென்று தெளிந்தது. தப்பிக்க வழி கிடைத்துவிட்ட முகம். "நம்ம வழக்கத்தை மறந்துட்டியா? வெளியில உயிர் போன உடம்பை வாசப்படி தாண்டி உள்ளே கொண்டு வரலாமா? வீட்டுக்கே ஆகாதே! அப்பா ஒத்துப்பாரா? இந்த வீட்டுல உயிர் போயிருந்தா நான் மாட்டேன்னு சொல்வேனா? எல்லாரையும் எழுப்பிவிட்டு, நடுக்கூடத்துல நானே பாய் விரிச்சிருப்பேன்!"

"நிஜமாவா?"

"புத்தர் மேல சத்தியம்!"

"அப்போ இதை உன் விருந்தாளிங்களுக்கும் சொல்லு. வழக்கம் தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

பூன்தவிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கூடத்தின் நடுவே போய்க் கைகூப்பி நின்று, சாகும் நேரத்தில் தகப்பன் வீட்டில் இருப்பதுதான் மகனுக்குப் பெரிய பேறு என்றும், தனக்கு அது வாய்க்காமல் போயிற்று என்றும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்னான். கடைசியில் குரல் தழுதழுத்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மறுபடியும் படம் எடுத்தாள்.

சந்தாலா படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பாயை விரி, அண்ணே," என்றாள், தெருவைப் பார்த்து நடந்தபடியே. "வெளியில செத்தா நீ உள்ளே விடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அதான் உயிரோடவே கூட்டிட்டு வந்திருக்கேன். வாசல்ல வண்டியில படுத்து, நீ பேசினதையெல்லாம் கேட்டுட்டுதான் இருக்கார்."