வெள்ளிநுனிப் பாசி

மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் விரிசலில் ஒரு வெள்ளிநுனிப் பாசி தனியாக வளர்ந்திருந்தது. மழை விட்ட காலையில் சுவரேறி வந்த நத்தையிடம், "என்னை மாதிரி வேற யாரையாவது பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டது.

நத்தை கொம்பால் தடவிப் பார்த்தது. "அடி பச்சை, நுனி வெள்ளி. கீழே துவைக்கிற கல்லோரமா ஒண்ணு இருக்கே. அதுவும் இதையேதான் கேட்டுச்சு."

பாசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"அப்ப உன்னைத் தெரியாதே தங்கச்சி. யாரும் இல்லேன்னு சொல்லிட்டேன்."

"திரும்பப் போய்ச் சொல்லுங்கண்ணே."

"வெயில் ஏறிடுச்சு. அடுத்த மழைக்குப் போறேன்," என்று நத்தை ஓட்டுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது.

காய்ந்து சுருங்கும்வரை பாசி கீழேயே பார்த்திருந்தது. கல் வழுக்குகிறதென்று யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது.