பஞ்சில் குடியிருந்தவர்கள்

கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்த தங்கமீனுக்கு ஒரே குறை, மூலையிலிருந்த வடிகட்டிப் பஞ்சின் அழுக்கு.

“ஓய், நீர் குளிக்கவே மாட்டீரா?”

“எனக்குள்ளே நுண்ணுயிர்கள் கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். உம் கழிவிலுள்ள விஷத்தைத் தின்றுதான் பிழைக்கிறார்கள்,” என்றது பஞ்சு.

மீன் மூக்கு முட்ட உற்றுப் பார்த்தது. “ஒருவரையும் காணோமே! புளுகுகிறீர்.” வாலால் பஞ்சை நாலு தட்டுத் தட்டியது. அழுக்கு கிளம்பி, தொட்டியே கலங்கியது.

அதைக் கண்ட வீட்டுக்காரி பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசி, வெள்ளை வெளேரென்று திருப்பி வைத்தாள்.

“இப்போதுதான் லட்சணம்!” என்றது மீன்.

சில நாளில், பளிங்குபோல் தெளிந்த அந்தத் தண்ணீரிலேயே மீனுக்குச் செவுள் எரிந்தது. மூச்சு வாங்கியபடி பஞ்சிடம் வந்தது.

“ஓய், அவர்களைத் திரும்பக் கூப்பிடுமேன்.”

“எவர்களை?”

“அதுதான்... நான் பார்க்காதவர்களை.”