வெற்றிலைத் தட்டு

யாரும் கை நீட்டவில்லை.

அவள் எடுத்த வெற்றிலை அவள் விரல்களிலேயே இருந்தது.

படிகளுக்குக் கீழே ஐந்து பாளையத் தலைவர்கள். ஒருவர் தூணைப் பார்த்தார். ஒருவர் தன் வாளின் பிடியைப் பார்த்தார். மற்றவர்கள் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார்கள்.

நவராத்திரிக் கொலுவில் அரண்மனை கொடுக்கும் வெற்றிலையை வாங்கிக்கொண்டவர் அந்த ஆண்டு முழுவதும் அரண்மனைக்கு அடங்கியவர். அழைத்தால் படையோடு வர வேண்டும். வாங்காதவருக்கு அந்தக் கடமை இல்லை.

போன ஆண்டு அவள் கணவர் கொடுத்தார். ஐந்து பேரும் வாங்கினார்கள்.

இந்த ஆண்டு அவர் இல்லை. தொட்டிலில் இருக்கும் மகனுக்குப் பல் முளைக்கவில்லை.

வடக்கத்திப் படை ஆற்றைத் தாண்டிவிட்டது.

"கை கூசுது, நாச்சியார்," என்றார் இருளப்பர். பெரிய கண்மாய் அவருடைய பாளையத்தில் இருந்தது. "தாலியறுத்த கையில வெத்தல வாங்கி எங்க குடும்பத்துல பழக்கமில்ல."

குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம்தான்.

வீரணத் தேவர் எழுந்தார். அவள் கணவரின் சித்தப்பா. ஐந்து பாளையங்களில் பெரியது அவருடையது.

"சங்கடப்படாதே, தாயி. நான் எடுத்துக் குடுக்கறேன். இதுவும் ராசா வீட்டுக் கைதானே."



இன்று வெற்றிலையைக் கொடுக்கும் கை நாளை முத்திரையைக் கேட்கும். அடுத்த வாரம் தொட்டிலைத் தன் மாளிகைக்கு எடுத்துப் போகும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கும் தெரியும்.

காலையிலிருந்து அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"குடுங்க, மாமா."

பின்னால் நின்ற அமைச்சர், அரண்மனைப் பிரதானி, மூச்சை இழுத்தது கேட்டது. அவள் திரும்பவில்லை. கையிலிருந்த வெற்றிலையை, பக்கத்தில் மணைமேல் இருந்த தட்டில் வைத்தாள்.

வீரணர் படியேறி வந்து தட்டை எடுத்துக்கொண்டார். கனமான வெள்ளித் தட்டு. இடக்கையில் தாங்கிப் படியிறங்கினார். நடையில் ஏற்கெனவே ஓர் அரசர் இருந்தார்.

முதல் இருக்கையில் கருத்தப்பாண்டியர்.

வழக்கமாக அந்த இடம் வீரணருடையது. இன்று காலை அவள் மாற்றச் சொல்லியிருந்தாள். வடக்குக் கணவாய் கருத்தப்பாண்டியரின் காவலில் இருக்கிறது, எதிரி வடக்கிலிருந்து வருகிறான், இந்த ஆண்டு முதல் மரியாதை அவருக்கு. மறுத்துச் சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. வீரணரே தலையாட்டினார்.

கணவாய்க்காரருக்கும் வீரணருக்கும் நடுவே ஒரு புளியந்தோப்பு. அது யாருடையது என்பது அவர்களின் அப்பாக்கள் காலத்திலேயே தீரவில்லை.

வீரணர் வெற்றிலையை நீட்டினார்.

கருத்தப்பாண்டியர் அதைப் பார்த்தார். பிறகு அதை நீட்டியவரின் முகத்தைப் பார்த்தார்.

"உம்ம வீட்டுக் கலியாணத்துல குடுத்தீரு. வாங்கிக்கிட்டேன்," என்றார். "இது வேற வெத்தல."

யாரோ சிரித்துவிட்டு, இருமினார்கள்.

வீரணர் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். இருளப்பர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த முறை அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

மற்ற இருவரும் கூரையின் ஓவியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

தட்டு நிறைந்தபடியே திரும்பியது.

அதை அதன் மணையில் வைக்க வீரணர் படியேறினார்.

அதற்குள் அவள் எழுந்து வந்து மணையை மறைத்து நின்றிருந்தாள். தட்டு அவர் கையில் இருக்கும்போதே அதிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள்.

"கருத்தப்பாண்டியரே."

அவர் உடனே எழவில்லை.

அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வாங்கினால் அரண்மனையிடம் வாங்கியதாகும். வாங்காவிட்டால் அடுத்த கொலுவில், தோப்புக்கு உரிமை கேட்கும் வீரணரிடம் வாங்க வேண்டியிருக்கும்.

கருத்தப்பாண்டியர் எழுந்தார். படியேறி வந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

வெற்றிலை கை மாறியது. அவர் அதை வாயில் போட்டு எல்லோரும் பார்க்க மென்றார்.

அதன் பிறகு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கடைசி ஆளாக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. கூரையைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் தோளால் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் அவள் கை வீரணரின் தட்டுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனம் தாங்காமல் இப்போது இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

இருளப்பர் வந்தார். கை கூசவில்லை.

"கொஞ்சம் தாழப் பிடியும், வீரணரே," என்றார். "நாச்சியாருக்கு எட்டல."

வீரணர் தட்டைத் தாழ்த்தினார்.

நால்வரும் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பி மென்றுகொண்டிருந்தார்கள்.

அவள் இன்னொரு வெற்றிலையை எடுத்தாள். வீரணர் பக்கம் நீட்டினாள்.

"மாமா."

இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும்.

அவர் மணையைப் பார்த்தார். அவள் அதன் முன்னால் நின்றாள். சுவரோரம் நின்ற அடைப்பக்காரனைப் பார்த்தார். ஆண்டுதோறும் தட்டை ஏந்துபவன் அவன். அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

தட்டை இறக்கி வைக்கத் தரை மட்டும்தான் இருந்தது. அவள் காலடியில்.

மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.