நாலாவது கியர்

"கிளட்ச்சை மெதுவா வுடுங்க மாமா. வண்டி துள்ளுது பாருங்க."

கலியமூர்த்திக்கு வேர்த்துக் கொட்டியது. அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் மனைவி தில்லையம்மாள்தான். லாரிக்காரர் மகள். கல்யாணத்துக்கு முன்பே ஸ்டியரிங் பிடித்தவள். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டி அவர் ஓட்டியதே இல்லை. இன்று திடீரென்று, "சிதம்பரத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போவணும், நீங்கதான் ஓட்டுறீங்க" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

செம்மங்குப்பத்தில் வண்டி அணைந்தது. ஆலப்பாக்கத்தில் எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்ததும் வயலோரம் ஒதுங்கி நின்றுவிட்டார்.

"என்னால ஆவாது தில்லை. நீயே ஓட்டு."

"முடியாது. மொத கியர் போடுங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாம் ஓட்டுவதைப் பார்த்து இவ்வளவு பயமா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கிளம்பினார். புதுச்சத்திரம் தாண்டியதும் நாலாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வெள்ளாற்றுப் பாலத்து ஏற்றத்தில்கூட வண்டி அணையவில்லை.

சிதம்பரத்துக்குள் நுழைந்ததும், "எப்படி?" என்று சிரித்தார்.

"நல்லா ஓட்டுனீங்க. இப்ப அம்மா வூடு வேணாம், நேரா பேரு பதிஞ்சிருக்கிற பிரசவ ஆஸ்பத்திரிக்கு வுடுங்க. கெளம்பும்போதே வலி எடுத்துடுச்சி."

"ஐயையோ! இன்னும் நாளிருக்குன்னாங்களே? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சாவியத் தொட்டிருப்பீங்களா?"

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் கலியமூர்த்தி முதலில் சொன்னது இதுதான்:

"கடலூர்லேர்ந்து நான்தான் ஓட்டியாந்தேன்!"